விருந்தாளிக்கு ஒரு விஷக் குளம்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து மிஸூலாவில் கோடை வந்தால் இரண்டு வரவு நிச்சயம். ஒன்று புகை. ஜூலைக் கடைசியில் எங்காவது ஒரு காடு பற்றிக்கொள்ளும். எங்கள் பள்ளத்தாக்கு அதை வாங்கி வைத்துக்கொள்ளும். இன்னொன்று, பல்கலைக்கழகத்துக்கு வந்து இறங்கும் வெளிநாட்டுப் பிள்ளைகள். முப்பது டிகிரி வெயிலில் குளிர் ஜாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். மொன்டானா என்று தேடினால் பனிமலைப் படங்கள்தானே வருகின்றன, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

இந்தப் பிள்ளைகள் வருவது சுற்றுச்சூழல் படிக்க. மொன்டானா பல்கலைக்கழகத்தின் மேன்ஸ்ஃபீல்ட் மையம் அமெரிக்க வெளியுறவுத் துறையின் செலவில் நடத்தும் பரிமாற்றத் திட்டம் அது. தென்கிழக்கு ஆசிய நாடுகளிலிருந்து இருபது பேர் அளவில் ஒரு குழு, மொத்தம் ஐந்து வாரம். வகுப்பு, களப்பயணம், கடைசியில் வாஷிங்டன் போய்விட்டு ஊருக்குத் திரும்புவார்கள். நடுவில் ஒரு வாரக் கடைசியை உள்ளூர்க் குடும்பங்களோடு கழிக்க வேண்டும். அப்படித்தான் நான் இதற்குள் வந்தேன். எங்கள் வீட்டில் ஒரு அறை சும்மா கிடந்தது, சாம்பார் வைக்கத் தெரியும், பெரிய வண்டி இருக்கிறது. தகுதிக்கு அவ்வளவு போதும். பிறகு அந்தப் பெரிய வண்டிக்காகவே களப்பயணங்களுக்கும் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

மையத்தின் முழுப் பெயர் மோரீன் அண்ட் மைக் மேன்ஸ்ஃபீல்ட். மனைவி பெயர் முன்னால். மைக் மேன்ஸ்ஃபீல்ட் 1961 முதல் 1977 வரை அமெரிக்க செனட்டில் பெரும்பான்மைக் கட்சித் தலைவர். பிறகு ஜப்பானில் தூதர். அதற்கெல்லாம் வெகு முன்னால் ப்யூட் நகரத்துச் செம்புச் சுரங்கத்தில் மண் வாரிக்கொண்டிருந்த தொழிலாளி. அதே ஊரில் பள்ளி ஆசிரியையாக இருந்த மோரீன்தான் அவரைப் பிடித்துப் படிக்க வைத்தார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், திட்டத்தின் உயிர் அந்த ப்யூட்டில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

பொதுவாக இந்த மாதிரித் திட்டங்களின் மேல் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. பூமியை நேசிப்போம் என்று ஒரு பாட்டு, மரக்கன்று நட்டு ஒரு புகைப்படம், மஞ்சள் சீட்டுகளைச் சுவரில் ஒட்டி ஒரு 'செயல்திட்டம்', கடைசி நாள் கட்டிப்பிடித்து அழுகை. இந்தத் திட்டத்திலும் அதில் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. தலைமைப் பண்பு வகுப்பு நடக்கும் மதியங்களில் பிள்ளைகள் எனக்கு அனுப்பும் கொட்டாவிப் படங்களே சாட்சி. கோலாலம்பூரிலிருந்து மூன்று விமானம் மாறி வந்து கரியமில வாயுவைக் குறைப்பது எப்படி என்று பேசுவதில் உள்ள வேடிக்கையையும் அவர்களே சொல்லிச் சிரிப்பார்கள்.

ஆனால் ஒரு நாள் எல்லாரையும் வண்டியில் ஏற்றிக் கிழக்கே இரண்டு மணி நேரம் ஓட்டி, ப்யூட்டில் ஒரு சுரங்கப் பாதைக்குள் நடத்திக்கொண்டுபோய், பெர்க்லி பிட் முன்னால் நிறுத்துகிறார்கள். பார்க்கக் கட்டணம் வேறு உண்டு. விருந்தாளிக்கு வீட்டுக் கொல்லையைக் காட்டுகிற ஊர் நான் பார்த்ததில்லை. இவர்கள் காட்டுகிறார்கள், அதுவும் டிக்கெட் போட்டு.

பெர்க்லி பிட் திறந்தவெளிச் செம்புச் சுரங்கம். 1955இல் தோண்ட ஆரம்பித்தது. ஏறக்குறைய ஒரு மைல் நீளம், அரை மைல் அகலம். பூமியிலேயே பணக்காரக் குன்று என்று ப்யூட்டுக்குப் பட்டம் இருந்தது. நாட்டுக்கெல்லாம் மின்கம்பி இழுக்கச் செம்பு தந்த குன்று. அதைத் தோண்டிய அனகோண்டா கம்பெனியை 1977இல் ஆர்க்கோ என்ற எண்ணெய்க் கம்பெனி வாங்கியது. 1982இல் சுரங்கங்களிலிருந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த பம்புகளை நிறுத்தினார்கள். நிறுத்திய நாள் ஏப்ரல் 22, பூமி தினம்! கதையில் எழுதினால் ஆசிரியர் அடித்துவிடுவார்.

பம்பு நின்றதும் நிலத்தடி நீர் ஏறத் தொடங்கியது. பாறையில் உள்ள கந்தகக் கனிமத்தில் காற்றும் நீரும் பட்டால் அமிலம் உண்டாகும். அந்த அமிலம் பாறையிலிருந்து செம்பு, ஆர்சனிக், காட்மியம், துத்தநாகம் எல்லாவற்றையும் கரைத்துக்கொள்ளும். இப்போது அது ஏரி. துருச் சிவப்பு. 1995 நவம்பரில் வலசை வந்த வெள்ளைப் பனி வாத்துக் கூட்டம் ஒன்று அதில் இறங்கித் தங்கியது. 342 வாத்துகள் செத்தன. 2016 நவம்பரில் புயலுக்குப் பயந்து பல்லாயிரம் வாத்துகள் இறங்கியபோது சாவு மூவாயிரத்தைத் தாண்டியது. அதனால் பறவை இறங்காமல் விரட்டவே ஆள் வைத்திருக்கிறார்கள். துப்பாக்கிச் சத்தம், ஒலிபெருக்கி, ட்ரோன். 2019 முதல் தண்ணீரை இறைத்துச் சுத்திகரித்து ஓடையில் விடுகிறார்கள்.

"எத்தனை வருஷத்துக்கு?" என்று வியட்நாம் பையன் ஒருவன் கேட்டான்.

வழிகாட்டி, "எப்போதும்" என்றார். அதாவது முடிவுத் தேதி கிடையாது. செம்பு எடுத்தது ஒரு நூற்றாண்டு. தண்ணீர் இறைப்பது அந்த ஊர் இருக்கிற வரைக்கும்.

அந்த வருஷம் எங்கள் வீட்டில் தங்கியது மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்த தமிழ்ப் பெண். வந்த முதல் மணி நேரத்திலேயே என்னை ஆண்ட்டி ஆக்கிவிட்டு, சமையலறையில் சம்பால் இல்லை என்று குறைப்பட்டாள். குழியின் முன்னால் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"எங்க ஊருலயும் இப்படிக் குட்டைங்க நெறைய இருக்கு ஆண்ட்டி. ஈயக்குட்டை. ஆனா பார்க்க அழகா இருக்கும், பச்சையா. நாங்க சின்னப் பிள்ளையில அது இயற்கையான ஏரின்னுதான் நெனச்சோம். தாத்தாதான் சொன்னாரு, அவரு மண்வாரிக் கப்பல்ல வேலை செஞ்சவரு."

ஈப்போ இருக்கிற கிந்தா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய வெள்ளீய வயல்களில் ஒன்று. 1985இல் ஈய விலை சரிந்ததும் லம்பங்கள் என்று அங்கே சொல்லும் ஈயச் சுரங்கங்கள் மூடின, குழிகளில் மழைநீர் நின்றது. சிலவற்றில் மீன் வளர்க்கிறார்கள், சிலவற்றில் வாத்து. தஞ்சோங் துவாலாங்கில் ஒரு மண்வாரிக் கப்பலைக் காட்சிப் பொருளாக நிறுத்தியிருக்கிறார்கள். ஈப்போவை ஒட்டிய புக்கிட் மேராவில் நடந்தது இன்னும் மோசம். ஈயக் கழிவு மணலிலிருந்து அரிய மண் தாதுக்கள் பிரித்த ஆலை, தோரியம் கலந்த கதிரியக்கக் கழிவை அங்கே விட்டுச்சென்றது. ஊர்மக்கள் வருஷக்கணக்கில் நீதிமன்றம் ஏறினார்கள். இதெல்லாம் அவள் பள்ளிப் பாடத்தில் வரவில்லையாம். வண்டியில் திரும்பும்போது கைபேசியில் தேடித் தேடிப் படித்து, எனக்கும் வாசித்துக்காட்டினாள். ஐந்து வாரப் பாடத்திட்டத்தில் அச்சிடாத வகுப்பு அது. மொன்டானாவுக்கு வந்து ஈப்போவைப் படித்தாள்.

ப்யூட் முதல் பாதிதான். மறு பாதி எங்கள் ஊர் வாசலிலேயே இருக்கிறது. மிஸூலாவுக்குச் சில மைல் கிழக்கே பிளாக்ஃபுட் ஆறு கிளார்க் ஃபோர்க்கில் கலக்கிற இடம் மில்டவுன். 1908 தொடக்கத்தில் அங்கே ஓர் அணை கட்டி முடித்தார்கள். அதே ஜூனில் பெருவெள்ளம். ப்யூட், உருக்காலை ஊரான அனகோண்டா பக்கத்திலிருந்து சுரங்கக் கசடை எல்லாம் நூற்றுச் சொச்சம் மைல் அடித்துக்கொண்டு வந்து புதிய அணைக்குப் பின்னால் சேர்த்துவிட்டுப் போனது வெள்ளம். எழுபது வருஷம் அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. 1981இல் மில்டவுன் வீட்டுக் கிணறுகளில் ஆர்சனிக் இருப்பது தெரிந்தது. 1996 குளிர்காலத்தில் ஆற்றில் பனிப்பாளங்கள் உடைந்து அணையை நோக்கி வந்தபோது அவசரமாக நீர்மட்டத்தை இறக்கினார்கள். கலங்கிய சேறு கீழே போய் மீன்கள் செத்தன. அதற்குப் பிறகுதான் ஊர் விழித்தது. அணையை எடு, ஆற்றை விடு என்று வண்டிகளின் பின்னால் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு திரிந்தார்களாம். 2008 மார்ச் 28ஆம் தேதி அணையை உடைத்தார்கள். இன்று அங்கே பூங்கா. ஆறு பழைய வழியில் ஓடுகிறது, டிரவுட் மீன் ஏறிப்போகிறது. மேட்டில் நின்று பார்த்தால் இங்கே அணை இருந்தது என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள்.

களப்பயணத்தில் இந்த இடத்தில் பேராசிரியர்களுக்கு முகம் மலரும். நியாயம்தான், உண்மையான வெற்றி. பிள்ளைகளும் தட்டில் வைத்த லட்டுபோல அதை எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அந்தத் தடவை ஈப்போப் பெண் ஒரு கேள்வி கேட்டாள்: "அந்தச் சேறு எங்க போச்சு?"

எனக்கு இந்தத் திட்டத்தின் மேல் மரியாதை வந்தது பதிலைக் கேட்டுத்தான், ஏனென்றால் மழுப்பவில்லை. இருபது லட்சம் கன கெஜத்துக்கு மேல் சேறு கூட்ஸ் வண்டியில் ஏறி, வந்த வழியே ஆற்றோரமாக நூறு மைலுக்குக் கிட்டத் திரும்பிப் போனது. போய்ச் சேர்ந்த இடம் அனகோண்டா பக்கத்தில் ஆப்பர்ச்சூனிட்டி என்ற சின்ன ஊர். அங்கே ஏற்கெனவே உருக்காலைக் கசடு ஏக்கர் ஏக்கராகக் கொட்டிக் கிடந்தது. அதன் மேலேயே கொட்டினார்கள். மிஸூலா படித்தவர்களும் பல்கலைக்கழகமும் உள்ள ஊர், ஆறு கிடைத்தது. ஆப்பர்ச்சூனிட்டி உருக்காலைத் தொழிலாளர்கள் குடியிருந்த ஊர், சேறு கிடைத்தது. தங்கள் தோட்டத்து மண்ணை முழுசாகச் சுத்தம் செய்து தரவேண்டும் என்று அந்த ஊர்க்காரர்கள் போட்ட வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020இல் தீர்ப்பு வந்தது: வழக்கை மாநில நீதிமன்றத்தில் நடத்தலாம், ஆனால் மண்ணில் கைவைக்க மத்தியச் சுற்றுச்சூழல் முகமையின் ஒப்புதல் வேண்டும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள் நம் ஊரில். சுற்றுச்சூழல் பொறுப்பு என்பதை அந்த அளவில்தான் நான் புரிந்துகொள்கிறேன். எவ்வளவு போட்டது, யார் போட்டது, அள்ளுகிற கூலி யார் தலையில், அள்ளியதை யார் வாசலில் கொட்டினார்கள். அமெரிக்காவில் 1980இல் வந்த சூப்பர்ஃபண்ட் சட்டம் முதல் மூன்று கேள்விக்குக் கொஞ்சமாவது பதில் வைத்திருக்கிறது. அழுக்காக்கிய கம்பெனி மூடிப்போனாலும் அதை வாங்கியவன் கட்டவேண்டும்; அதனால்தான் அனகோண்டாவின் பாவம் ஆர்க்கோவுக்கும், 2000இல் ஆர்க்கோவை வாங்கிய பிரிட்டிஷ் பெட்ரோலியத்துக்கும் வந்து சேர்ந்தது. நாலாவது கேள்விக்கு எந்த நாட்டிலும் நல்ல பதிலை நான் கண்டதில்லை.

வடக்கே இன்னொரு பயணம் உண்டு, ஃபிளாட்ஹெட் பழங்குடி நிலத்துக்கு. சேலிஷ், கூட்டெனாய் மக்களின் கூட்டமைப்பு 2015இல் தங்கள் நிலத்திலுள்ள பெரிய நீர்மின் அணையை விலைக்கு வாங்கிச் சொந்தமாக்கிக்கொண்டது. 1908இல், ஆமாம், அதே 1908இல், அரசு அவர்கள் நிலத்தில் எடுத்துக்கொண்ட பைசன் சரணாலயம் 2020 டிசம்பரில் சட்டம் மூலம் அவர்களிடமே திரும்பியது. அவர்கள் நிலத்துக்குள் போகும் 93ஆம் எண் நெடுஞ்சாலையை அகலப்படுத்த அரசு வந்தபோது, விலங்குகள் கடக்க வழி வைத்தால்தான் சாலை என்று நின்றார்கள். இப்போது அந்தச் சாலையில் நாற்பதுக்குக் குறையாத கடவுகள், அதில் ஒன்று புல் வளர்ந்த மேம்பாலம். கரடியும் மானும் மேலே நடக்க, நாம் கீழே ஓட்டிப் போகிறோம்.

இதைவிட எனக்குப் பிடித்தது ஒரு தடை உத்தரவு. மிஷன் மலைகளில் மெக்டானல்ட் சிகரத்தைச் சுற்றிப் பத்தாயிரம் ஏக்கர் அளவுக்கு ஒவ்வொரு ஜூலை 15 முதல் அக்டோபர் 1 வரை மனிதருக்கு அனுமதி இல்லை. பழங்குடி அரசின் உத்தரவு. காரணம், அந்த நாட்களில் கிரிஸ்லி கரடிகள் உச்சிப் பாறைகளுக்கு ஏறி அங்கே கூடும் பொறிவண்டுகளையும் அந்துப்பூச்சிகளையும் தின்று கொழுப்புச் சேர்க்கும். நல்ல மலையேற்றப் பருவமே அதுதான். பருவத்தில் போகாமல் இருப்பதுதான் அங்கே விதி. "அப்ப நாம எப்படிப் பார்க்கறது?" என்று கேட்ட பிள்ளைக்கு, "பார்க்க வேண்டாம்" என்றார் கூட வந்த வனத்துறைப் பெண்மணி. அவரும் அந்தப் பழங்குடியைச் சேர்ந்தவர்தான்.

கிளேசியர் தேசியப் பூங்காவுக்கும் கூட்டிப்போவார்கள். எல்லாருக்கும் பிடிக்கும், ஏரி நீலமாக இருக்கும், அவ்வளவுதான் எனக்குச் சொல்ல இருக்கிறது. 1850 வாக்கில் நூற்றைம்பது என்று மதிப்பிட்ட பனியாறுகளில் 2015 கணக்கில் கணிசமான அளவோடு மிஞ்சியவை 26. 2020க்குள் எல்லாம் உருகிவிடும் என்று பூங்காவிலேயே பலகை வைத்திருந்தார்கள். 2020 வந்தது, பனி மிஞ்சியிருந்தது, பலகையை மாற்றினார்கள். சுருங்குவது உண்மை, தேதி குறித்ததுதான் வம்பு.

புகைக்கு வருகிறேன். தென்கிழக்கு ஆசியப் பிள்ளைகளுக்குப் புகைமூட்டம் புதிதில்லை. சுமத்ராவிலும் போர்னியோவிலும் கரிநிலம் எரிந்தால் பள்ளிக்கூடம் மூடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். மிஸூலாவில் கண் எரிந்ததும், சிங்கப்பூர்க்காரன் காற்றுத்தர எண்ணைப் பார்த்துவிட்டு "வீட்டு ஞாபகம் வருது" என்றான். ஆனால் இங்கே கதை நேர்மாறானது, எந்தத் தீயையும் விடாமல் அணைத்ததால் வந்த வினை. 1910 ஆகஸ்டில் இரண்டே நாளில் முப்பது லட்சம் ஏக்கர் எரிந்தது. அந்தப் பயத்தில் எந்தத் தீயையும் விடாதே என்று வனத்துறை முடிவெடுத்தது. 1935இல் விதியாகவே போட்டார்கள்: பார்த்த தீயை மறுநாள் காலை பத்து மணிக்குள் அணை. காலம் காலமாகச் சின்னத் தீ வைத்துக் காட்டைக் கழித்துவந்த பழங்குடிகளையும் தடுத்தார்கள். விறகு சேர்ந்தது. இப்போது வெப்பமும் கூடியாயிற்று, பற்றினால் நிற்பதில்லை. பாராசூட்டில் குதித்துத் தீயணைக்கும் வீரர்களின் பெரிய தளம் மிஸூலாவில்தான் இருக்கிறது. அங்கே பாராசூட் தைக்கும் தையல் இயந்திரங்களைப் பார்த்துத்தான் பிள்ளைகள் வாய் பிளந்தார்கள்.

ஒரு இரவு ரசம் சாதத்துக்குப் பிறகு பேச்சு கோர்ட்டுப் பக்கம் போனது. மொன்டானா மாநிலத்தின் 1972 அரசியல் சட்டம் சுத்தமான, ஆரோக்கியமான சூழலை உரிமையாகத் தருகிறது. அதை வைத்துப் பதினாறு சிறார்களும் இளைஞர்களும் சொந்த மாநில அரசின் மேலேயே வழக்குப் போட்டு, 2023 ஆகஸ்டில் ஜெயித்தார்கள். 2024 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. எங்கள் வீட்டு மேஜையைச் சுற்றி இருந்தவர்களின் வயதுதான் அவர்களில் பலருக்கும். "எங்க ஊருல கவர்மெண்டு மேல கேஸ் போட்டா முதல்ல அப்பா அம்மா நம்மள வெளுப்பாங்க" என்றாள் ஈப்போக்காரி. சிரித்தோம். பிறகு நான் நம் பக்கத்துக் கதைகள் இரண்டைச் சொன்னேன், அவள் கேள்விப்பட்டதில்லை.

நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனிலிருந்து வந்த பழைய இயந்திரங்களோடு கொடைக்கானலில் ஓடிய தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடியது, பாதரசக் கழிவு பழைய இரும்புக் கடையில் கிடந்தது வெளியே தெரிந்த பிறகு. 2003இல் 290 டன் பாதரசக் கழிவைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்ப வைத்தார்கள் ஊர்க்காரர்களும் தொழிலாளர்களும் போராடி. சேறு எப்போதும் ஏழை வாசலுக்குத்தான் போகவேண்டும் என்பது விதியல்ல என்பதற்கு எனக்குத் தெரிந்த அபூர்வ உதாரணம்.

மற்றது வேலூர். அழுக்காக்கியவனே கட்டவேண்டும் என்பதை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் அழுத்தமாகச் சொன்னது 1996இல், பாலாற்றைக் கெடுத்த தோல் பதனிடும் ஆலைகளைப் பற்றி வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில். இந்தியா முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கும் தீர்ப்பு. அதே வட்டாரத்தில், ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில், மூடிப்போன குரோமேட் ஆலையின் கழிவு லட்சம் டன்னுக்கு மேல் மலைபோலக் குவிந்து ஊரறிந்த சங்கதியானது. அந்த வழக்குப் பிறந்த வட்டாரமே அதுதான்.

இந்தத் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு: தென்கிழக்கு ஆசிய இளைஞர் திட்டத்துக்கு வயது வரம்பு 18 முதல் 25 என்று இருந்தது. தேர்வானவர்களுக்கு விமானம், தங்குமிடம், சாப்பாடு அவர்கள் பொறுப்பாக இருந்தது. தெற்காசிய மாணவர்களுக்கும் இதே மாதிரித் திட்டங்கள் நடந்திருக்கின்றன. இப்போது நடக்கிறதா, விதி என்ன என்று அந்தந்த ஊர் அமெரிக்கத் தூதரக அறிவிப்பைப் பாருங்கள், இடைத்தரகன் எவனுக்கும் காசு கொடுக்காதீர்கள். கட்டுரையில் பூமித்தாயைப் பற்றி எழுதாதீர்கள், படிக்கிறவர்கள் அலுத்துப்போயிருக்கிறார்கள். உங்கள் தெருச் சாக்கடை எந்த ஆற்றில் சேர்கிறது என்று எழுதுங்கள். நேர்முகத்தில் அவர்கள் "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றால், "உங்கள் ஊரில் மோசமான இடத்தைக் காட்டுவீர்களா?" என்று கேளுங்கள்.

நம் கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். வெளிநாட்டு மாணவர்களை அழைத்தால் முதுமலையும் பிச்சாவரமும் காட்டி அனுப்பிவிடுகிறோம். காட்டுங்கள், அதோடு ராணிப்பேட்டைக்கும் கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்கும் கூட்டிப்போங்கள். யாராவது அப்படி ஒரு கோடைத் திட்டம் தொடங்கினால் சொல்லுங்கள். என் வீட்டில் சாப்பிட்டுப் போனவர்களில் நாலைந்து பேரையாவது நான் அனுப்பிவைக்கிறேன்.